மூன்று நாள் காவல்

கடலாமை நீதிபதி யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். கம்பு திருடிய கோழிக்கும், எல்லாருக்கும் போலவே, மூன்று நாள் காவல் என்றார்.

“ஐயா, நேற்றுத்தான் குஞ்சு பொரித்திருக்கிறேன். மேலே பருந்து சுற்றுகிறது. அதுகள் கொஞ்சம் வளரட்டும், நானே வந்து ஆறு நாள் இருக்கிறேன்” என்று கெஞ்சியது கோழி.

நீதிபதிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “இதிலென்னம்மா இருக்கிறது? என் அம்மா முட்டைகளை மணலில் புதைத்துவிட்டுப் போனவள்தான், திரும்பி வரவேயில்லை. பொரிந்த அன்றே நான் தனியாகக் கடலுக்கு நடந்தேன். கெட்டா போய்விட்டேன்?”

“உங்கள்கூட எத்தனை பேர் பொரிந்து வந்தார்கள், ஐயா?”

“நூறு பேர் இருப்போம்.”

“மற்றவர்களெல்லாம் இப்போது எங்கே?”

நீதிபதி யோசித்துப் பார்த்தார். அந்த மணலைத் தாண்டிய பிறகு ஒருவரைக்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை.

“வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி” என்று சொல்லிவிட்டு, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.