மூன்றாவதாக இறங்கியவள்

மாடிவீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு போய்வந்த இடத்தில், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பில் ஆட்கள் இரும்படிப்பதும் மாவரைப்பதுமாக நடித்துக் காட்டுவார்கள். பிள்ளைகளுக்கும் அந்த உடுப்பை மாட்டிவிட்டு, கிளம்பும்போது கழற்றி வாங்கிக்கொள்வார்கள்.

போனது இரண்டு பிள்ளைகள். ஆட்டோவிலிருந்து இறங்கியது மூன்று. எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் பூனைகூடக் குட்டி போட்டதில்லை.

"இது யாரும்மா?"

"தெரியலக்கா. இவ உடுப்பு அந்த இடத்துக்காரங்களோடது இல்லையாம். யாரு பிள்ளைன்னும் தெரியாதாம். என் கையை விடமாட்டேங்குறா" என்றாள் தையல்காரர் மனைவி.

தையல்காரர் சிறுமியின் சட்டையைத் தடவினார். "எலும்புப் பொத்தான். இந்தத் தையல் இப்ப யாருக்கும் வராது."

விளக்கைப் போட்டதும் கண்ணைப் பொத்திக்கொண்டதைத் தவிர, சிறுமி சமர்த்து. ஒரே வாரத்தில் வீட்டுக்குச் சின்னவள் ஆகிவிட்டாள். கதவு தட்டினால்தான் தையல்காரர் மனைவிக்கு முகம் வெளுத்துவிடும்.

நேற்று கதவைத் தட்டியவளின் சட்டையிலும் அதே எலும்புப் பொத்தான். காலெல்லாம் புழுதி. தையல்காரர் மனைவி சின்னவளை இறுக்கிக்கொண்டாள். நான் படிக்கட்டைப் பெருக்குவதுபோல நின்றேன்.

வந்தவள் சின்னவளின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள். "நல்லா சாப்பிடுறாளா?"

"ரெண்டாந்தரமும் கேக்குறா. உக்காருங்க, உங்களுக்கும் போடுறேன்."

உட்கார்ந்தவள் இன்னும் போகவில்லை.

இன்று காலை தெருமுனையில் மாட்டைப் பிடித்தபடி ஒருவர் அந்த வீட்டை விசாரித்தார். பின்னால் மூட்டைகளோடு, அதே பழங்கால உடுப்பில் ஒரு கூட்டம். வழி சொன்னால் மட்டும் எனக்குப் போதுமா? கூடவே நடந்தேன்.

"மாடு மாடி ஏறாதுங்க" என்றேன். "என் வாசல்லயே கட்டுங்க."