நூற்றிருபது டிகிரி

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் காத்திருக்கிறார்கள். என் மகள் திலகவதி பட்டுச்சேலையோடு சமையலறையில் மின் அடுப்பின் முன் நிற்கிறாள். அதன்மேல், நூற்றிருபது டிகிரியில் பத்து நிமிடம் சூடாக வேண்டிய, ஒளிரும் பிளாஸ்டிக் பூசிய கடைசிக் கண்ணாடித் துண்டு. இதற்கு முன் செய்த துண்டுகளில் சூடு காணாதது மங்கலாகத்தான் ஒளிர்ந்தது. சூடு மிஞ்சியது அணைந்தே போனது. நாளை கல்லூரியில் காட்ட வேண்டியது இது ஒன்றுதான்.

“மாமா, பேஜாராயிடும். காபி எடுத்துகினு வரச் சொல்லுங்க,” என்கிறான் என் மைத்துனன் ஹேமநாத்.

“நம்ம பட்டறையில சாயத்துல பட்டு வெந்துகினு இருக்கும்போது பாதியில எறக்குவோமாடா? உக்காரட்டும்.”

சமையலறை வாசலை மறித்து நிற்கிறேன். பத்தாவது நிமிடம் அவள் கண்ணாடியை இடுக்கியால் எடுத்து ஆறவைக்கிறாள், ஜன்னலைச் சாத்தி புற ஊதா விளக்கின் கீழ் பிடிக்கிறாள். ஒரு திட்டுகூட இல்லாத பச்சை வெளிச்சம் அவள் வியர்த்த முகத்தில் விழுகிறது.

“காபிய நீ குடுடா,” என்கிறேன். “அவ இத எடுத்துகினு வருவா.”