இடது வாசல் டீக்கடை

"இந்த டீக்கடை இங்க இருக்கக் கூடாது."

வார்டு அதிகாரி ஹோவான் மடிக்கணினித் திரையை விரலால் தட்டிக் காட்டினார். கையில் எடுத்த முத்திரையை மறுபடி மேசைமேலேயே வைத்துவிட்டார்.

தியெப் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஹனோய்ப் பள்ளிகளின் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஏழு மாதம் மெனக்கெட்டு அவள் வரைந்து உருவாக்கிய கணினி விளையாட்டு அது. பழைய நகரத்தைச் சுற்றிவந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசி இடம் குவான் சுவோங் கோட்டை வாசல். அது இந்த வார்டில் இருப்பதால், இவர் முத்திரை குத்தாமல் திங்கட்கிழமை விளையாட்டு எந்தப் பள்ளிக்கும் போகாது.

"சார், பிள்ளைங்க ஓடிக் களைச்சு வருவாங்க. வாசல்ல ஒரு பெரியம்மா டீ குடுப்பாங்க, தெம்பு ஏறும். அவங்க கேள்விக்குப் பதில் சொன்னாத்தான் கதவு திறக்கும்."

"நடைபாதையில கடை போடறது குத்தம்மா. அதைப் பாடமா வேற சொல்லித்தரப் போறீங்களா?"

தியெப் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த மனுஷன் இப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தினமும் ரோந்து வண்டியில் நின்றுகொண்டு, "நடைபாதையைக் காலி பண்ணு!" என்று ஒலிபெருக்கியில் கத்துவார். ரெண்டு தெரு தள்ளி வரும்போதே காது கிழியும். வியாபாரிகள் ஸ்டூலையும் கூடையையும் வாரிக்கொண்டு ஓடுவார்கள்.

டீக்கடை தோம் பெரியம்மா பதினெட்டு வருஷமாக அந்த வாசலில்தான் இருக்கிறாள். தியெப் படம் வரையப் போனபோது புதுசாகப் பூப்போட்ட சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "நான் கம்ப்யூட்டருக்குள்ள போகப் போறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"அந்தம்மா பாவம் சார். படத்துல வந்தாக்கூடவா உங்களுக்கு உறுத்துது?" வாய் தவறி வந்துவிட்டது.

ஹோவான் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எடுக்கச் சொல்லலையே, நகர்த்தத்தான் சொல்றேன். இடது பக்கம் ஒரு சின்ன வாசல் இருக்குல்ல, அதுக்குள்ள சுவரோட ஒட்டி வையுங்க."

"அங்க வெச்சா ரோட்டுல வர்ற யாருக்குமே தெரியாதே சார்!"

"தெரியக் கூடாது. அப்புறம், ஸ்டூல் நாலு வேண்டாம். ரெண்டு."

"அது ஏன் சார்?"

"ரெண்டுக்குத்தான் அங்க இடம் இருக்கு."

ஸ்டூலில் கூடவா கறார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தாள். டப்பென்று முத்திரை விழுந்தது.

மத்தியானம் நேரே கோட்டை வாசலுக்குப் போனாள். "மன்னிச்சிருங்க பெரியம்மா" என்று தயங்கித் தயங்கித் திரையைத் திறந்து காட்டினாள்.

தோம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சட்டை மேலெல்லாம் கையிலிருந்த டீ சிந்தியது.

"என்ன பெரியம்மா சிரிக்கிறீங்க? உங்களை மூலையில ஒளிச்சு வெச்சுட்டாரு அந்த ஆளு!"

அதற்குள் தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. தெருவே பரபரத்தது. தோம் மட்டும் நிதானமாகக் கெட்டிலையும் கடலை மிட்டாய் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். ரெண்டே ரெண்டு ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இடது பக்கச் சின்ன வாசலுக்குள் நடந்தாள். தியெப் பின்னாலேயே ஓடினாள்.

"எடுத்து வெக்க நேரம் குடுக்கணும்னுதான் அங்கிருந்தே கத்திட்டு வர்றாரு. இந்த இடத்தைக் எனக்குச் சொன்னதும் அவருதான்" என்றாள் தோம், சுவரோரம் ஸ்டூல்களைப் போட்டபடி.

ரோந்து வண்டி வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. தியெப் ஒரு ஸ்டூலில் உட்காரப் போனாள்.

"அதுல உக்காராதே கண்ணு. வண்டியை அனுப்பிட்டு ஹோவான் இப்ப டீ குடிக்க வருவாரு."