அண்ணன் வேஷம்

மருந்து வாங்கச் சின்னவன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

“அப்பா, மூத்தவன் வந்திருக்கேன்.”

பார்வை போன அப்பா, அந்தக் கையைத் தடவிப் பிடித்துச் சிரித்தார். “சின்னவனே, பைபிள்ல வர்ற தம்பி மாதிரி அண்ணன் வேஷம் போட்டுக் குருட்டு அப்பனை ஏமாத்துறியா?”

“பொய் சொன்ன அவனுக்குத்தானேப்பா ஆசீர்வாதம் கிடைச்சுது?”

“அந்த நியாயம்தான் எனக்கு இன்னும் பிடிபடலை. ஆனா அச்சு அசல் உன் அண்ணன் குரல்டா. இன்னொரு தரம் கூப்பிடு.”

“அப்பா...”

“என் கையெழுத்தைப் போட்டுக் கடையை வித்துட்டு ஓடினான். எப்பவோ மன்னிச்சுட்டேன். எங்கயாவது பாத்தா சொல்லிடு.”

“சொல்றேன்பா.”

மருந்தோடு உள்ளே வந்த சின்னவன் திகைத்து நின்றான். “அண்ணா! நீ எப்ப வந்தே?”

பிடித்த கையை அப்பா விடவில்லை.

“எனக்கு அப்பவே தெரியும்டா. மெதுவாப் பேசு, மறுபடி ஓடிடப் போறான்.”