பெலிக்ஸின் இருமல்

ஜாஸ் கச்சேரிகளில் டிரம்பெட் ஊதிய ஆல்வின் இறந்ததும், ரசிகர்கள் அவருடைய பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்கக் கூடினார்கள். அதில் கடைசி சுரத்துக்கு முன் ஆல்வின் சற்று நிறுத்துவார். அந்த மௌனத்தில் யாரோ இருமியிருப்பார். இத்தனை வருஷமாக எல்லோரும் திட்டித் தீர்த்த இருமல். அது தன் கணவர் பெலிக்ஸுடையது என்று, கூட்டத்தில் இருந்த ரோசலின் யாரிடமும் சொன்னதில்லை. பெலிக்ஸ் போன பிறகு அவருடையதாக மிச்சமிருந்த ஒரே சத்தம் அது.

"அந்தச் சனியனை கம்ப்யூட்டர்ல எடுத்தாச்சுங்க," என்றார் பதிவைப் போட வந்த சுகுமார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆல்வின் ஊதினார், ஊதினார், நிறுத்தினார். துடைத்துவைத்த மாதிரி மௌனம். ரோசலின் இருமினாள், பெலிக்ஸ் இருமுவதைப் போலவே. அன்றைக்குக் கச்சேரியில் பக்கத்தில் இருந்தவர்கள் பெலிக்ஸை முறைத்த மாதிரியே எல்லோரும் திரும்பி முறைத்தார்கள்.