கடை ரொட்டி

மாவு எழும்பியிருந்தது.

ஈரத்துணியை விலக்கி விரலால் ஓர் அமுக்கு அமுக்கினாள். குழி விழுந்து, மெல்ல மேலே வந்தது.

இந்த முறை குறை சொல்ல எதையும் விட்டுவைக்கவில்லை. முட்டை கிடையாது. பாத்திரம் புதிது. பிசைவதற்கு முன்னால் தலைக்குக் குளித்தாயிற்று.

போன மாதம் சுட்டதை மாமியார் தொடவே இல்லை.

“முட்டை தடவாம இப்பிடிப் பளபளன்னு வருமாக்கும்?”

வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள், சுட்ட தட்டையும் சேர்த்து.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நாலு வருஷம். அவள் கையால் மாமியார் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவள் பிறந்த வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. இங்கே மீன் என்ற சொல்லைக்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் கோமதிநாயகம் அவளைக் கட்டிக்கொண்டான்.

போய்க்கொண்டேதான் இருக்கிறது.

மாமியாருக்குத் தனி அடுப்பு, தனிக் குடம், தனித் தம்ளர். ஆனால் பழ ரொட்டி என்றால் உயிர். வெள்ளிக்கிழமைதோறும் மகன் பஜாரிலிருந்து வாங்கி வர வேண்டும். அதைப் பிசைந்தவன் யார், மத்தியானம் என்ன தின்றான், கையைக் கழுவினானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் மருமகளாக வந்து நிற்கவில்லையே. கொடுத்துவைத்தவன்.

மாவைத் தட்டிப் பரப்பினாள். ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய திராட்சை, பொடியாக நறுக்கிய பேரீச்சை, சிவப்பும் பச்சையுமாகச் செர்ரி. பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி ஓரத்தை ஒட்டினாள். மேலே பால் தடவினாள். பால் மட்டும்.

மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முந்தானை மூக்கை மூடியிருந்தது.

“ஈஸ்ட்டுன்னா அது உயிரோட இருக்குமாம்லா? டிவியில சொன்னான்.”

சொன்னது ஃபிரிட்ஜைப் பார்த்து. மருமகளிடம் பேச வேண்டியதையெல்லாம் அவள் ஃபிரிட்ஜிடம்தான் பேசுவாள்.

இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால், கடைக்காரன் போடுவது மட்டும் செத்ததா என்று வந்துவிடும். இன்று சண்டை வேண்டாம். ஒரே ஒரு துண்டு அந்தத் தொண்டையில் இறங்கினால் போதும். தன் கையால் செய்தது என்று தெரிந்து இறங்க வேண்டும். அப்புறம் இந்த வீட்டில் தானும் ஒரு மனுஷி.

ஓவனில் ரொட்டி சிவந்தது. வெண்ணெயும் பழமும் வேகிற மணம் ஹாலுக்குள் போயிற்று, படுக்கையறைக்குள் போயிற்று, பூஜை அறைக்குள்ளும் யாரையும் கேட்காமல் நுழைந்தது. கீழ் வீட்டுக்காரி படியில் நின்று, என்ன மணம் ஆளையே தூக்குது என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.

எடுத்து ஆற வைத்தாள். வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காய்கிற துணிகளை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது மாமியார் மேஜையில் உட்கார்ந்து, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள்.

“இன்னைக்குப் பதம் எம்புட்டு நல்லாருக்குடே. என்ன இருந்தாலும் அந்தக் கடைக்காரன் கைப்பக்குவம் யாருக்கும் வராது.”

முன்னால் பேக்கரியின் அட்டைப்பெட்டி. உள்ளே ரொட்டி. ஒட்டிய ஓரம் ஒரு பக்கம் பிரிந்து, அவள் நறுக்கிப்போட்ட பேரீச்சை வெளியே தெரிந்தது.

கோமதிநாயகம் அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“சாப்பிட வச்சுட்டேன் பாத்தியா? பழைய பெட்டி ஒண்ணு கெடந்துச்சு. இனிமே இப்பிடியே செஞ்சிரலாம். அம்மாவுக்கும் சங்கடமில்ல, உனக்கும் ஆச தீந்துரும்.”

கையில் இருந்த துணிக்குவியலை அவன் முகத்தில் விட்டெறியலாம் போல ஆத்திரம் வந்தது. நாலு வருஷத்தில் மாமியார் மேல்கூட இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

அதற்குள் ஹாலிலிருந்து குரல்.

“சூடா வேற இருக்கு.”

அவள் அப்படியே நின்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை இல்லை. கோமதிநாயகம் காலையிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. வீடு முழுக்க மணக்கிறது. கீழ் வீட்டு மூக்குக்கு எட்டியது இந்த மூக்குக்கு எட்டாமலா இருக்கும்?

தெரியும். தெரிந்துதான் தின்கிறாள். பெட்டி இருக்கிறவரை தின்பாள். தாயும் மகனும் ஒரு வார்த்தை பேசாமலே பேசி முடித்துவிட்டார்கள்.

துணியைக் கீழே போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தாள். பெட்டியைத் திறந்து ரொட்டியை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். பெட்டியை மடக்கி ஒடித்தாள்.

“நான் சுட்டது, அத்தை.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஒரு கன்னம் உப்பியிருந்தது.

“ஏய், சும்மா இரேன்” என்றான் பின்னாலிருந்து அவன்.

மாமியார் மகனைப் பார்த்தாள். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

அவள் உள்ளே போய் ஒரு காலித் தட்டை எடுத்து வந்து மாமியார் முன்னால் வைத்தாள்.

“வேண்டாம்னா இதுல துப்பிருங்க.”

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஒரு துண்டைப் பிட்டுத் தன் வாயில் போட்டு, மாமியார் முகத்தைப் பார்த்தபடியே மென்றாள்.

நன்றாகத்தான் வந்திருந்தது.