அந்தோணி அண்ணாச்சி வரிசை

“கையும் களவுமாப் பிடிச்சாச்சு அண்ணாச்சி. நீங்களே கேளுங்க.”

சங்கச் செயலாளர் ஜாஸ்பர், உறுப்பினர் கிரேஸியின் கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். உள்ளே சேறு அப்பிய கண்டல் மர விதைகள், முருங்கைக்காய் கணக்காக நீள நீளமாக. பத்து நாளைக்கு முன்னால்தான் சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு வரிசையாக, ஆறு கடலில் சேரும் சேற்றில் அவற்றைக் குத்தி நட்டிருந்தார்கள்.

அலையாத்திக் காட்டுச் சங்கத் தலைவர் மரிய அந்தோணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

கூட்டம் நடந்தது அவர் நட்ட மரங்களின் நிழலில். பன்னிரண்டு வருஷத்துக் கண்டல். எந்த ஆபீசர் வந்தாலும் முதலில் இங்கேதான் கூட்டி வருவார். “நூத்துக்கு நூறு. ஒண்ணுகூடப் பட்டுப்போகல. எல்லாம் கைராசி வே” என்பார். கேட்டுக் கேட்டு ஊருக்கே மனப்பாடம்.

“இது யாரு நட்ட வரிசை?”

“இசக்கித்தாய் நட்டது அண்ணாச்சி. மூணு நாளா, தண்ணி வத்துற நேரம் பாத்து வந்து இவ பிடுங்குதா.”

எல்லோரும் இசக்கித்தாயைப் பார்த்தார்கள். மாஞ்சோலையில் தேயிலை பறித்தவள். எஸ்டேட்டை விட்டு இறங்கி, எங்கெங்கோ வேலை தேடி அலைந்து, நாலு மாசம் முன்புதான் இந்த ஊருக்கு வந்தாள். இது அவளுக்கு முதல் நடவு. நட்டது பிடித்தால்தான் சங்கத்தில் பேர் நிலைக்கும். பேர் இருந்தால்தான் காட்டு வாய்க்காலில் இறங்கி நண்டு பிடிக்க விடுவார்கள்.

“வந்து நாலு மாசம் ஆகல, அவ பிழைப்புல மண்ணைப் போடுதியே. நீ நல்லா இருப்பியா?” என்றாள் கூட்டத்தில் இருந்த ஃபெமினா.

மரிய அந்தோணி கிரேஸி பக்கம் திரும்பினார்.

“ஏளா கிரேஸி, பிடுங்கினியா இல்லியா?”

“பிடுங்கினேன்.”

“எதுக்கு?”

கிரேஸி முழங்கையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினாள்.

“சரி. உன் பேரை எடுத்திருதேன். இனிமே நண்டுக் கூடையோட வாய்க்கால் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது.”

“உங்க இஷ்டம் அண்ணாச்சி.”

புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அந்த நண்டுதான் அவளுக்கும் சோறு. அப்போதும் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று எல்லோருக்கும் எரிச்சலாக வந்தது.

இசக்கித்தாய் எழுந்து வந்து கூடையிலிருந்து ஒரு விதையை எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சேறு ஒட்டியிருந்த முனையைத் துடைத்தால், அங்கே குருத்து. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா மேல தப்பு இல்ல அண்ணாச்சி. ரெண்டு முனையும் கூரா இருந்துச்சா, எனக்கு வெளங்கல. குருத்து வர்ற முனைய சேத்துக்குள்ள குத்திட்டேன். வரிசை பூராவும் தலைகீழா நட்டிருக்கேன்.”

ஜாஸ்பர் சேற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

“ஆமா அண்ணாச்சி. இந்தக் கூடையில இருக்கிறது போக, பிடுங்கினதை எல்லாம் நேராத் திருப்பி நட்டிருக்கு. முக்கால் வரிசை முடிஞ்சாச்சு.”

மரிய அந்தோணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “இதை முதல்லயே சொன்னா என்னளா?”

“சொன்னா அவ பேரை எடுத்திருவிய.”

“பின்ன எடுக்காம? விதையில தலை எது, கால் எதுன்னு தெரியாதவளுக்கு சங்கத்துல என்ன வேலை? ஜாஸ்பர், கிரேஸி பேரு இருக்கட்டும். இசக்கித்தாய் பேரை அடி.”

ஜாஸ்பர் பேனாவைத் திறந்தான். இசக்கித்தாய் விதையைப் பைய கூடையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் கிரேஸிக்குக் கோபம் வந்தது. தலைக்கு மேலே நிழல் தந்து நின்ற மரங்களை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ உங்க பேரையும் சேத்து அடிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால, இந்த வரிசையப் பிடுங்கித் திருப்பி நட எனக்கு அஞ்சு நாள் ஆச்சு.”